2014 ஈ 250 சி.டி.ஐ. வாங்கலாமா? வேலூர்க்காரர்கள் சொல்லுங்கள்

#1 கோட்டை அகழி

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் கேள்வி கேட்கிறேன். 2014 மாடல் மெர்சிடிஸ் ஈ 250 சி.டி.ஐ. டீசல் கார் ஒன்று வாங்கும் யோசனை. வீடு சத்துவாச்சாரி, கடை லாங் பஜார் பக்கம். காலையில் 5 கிலோமீட்டர், இரவு 5 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவை அப்பாவை பெங்களூரில் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய் வர வேண்டும்.

அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இப்போதிருக்கும் வண்டியில் ஆம்பூர் வருவதற்குள் உட்கார முடியாமல் நெளிய ஆரம்பித்துவிடுவார். போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் ஈ கிளாஸில் வாணியம்பாடி வரை போய் வந்தார். இறங்கியதும் "இந்த மாதிரி ஒண்ணு பாருடா" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சென்னைப் பதிவு, 1,12,000 ஓடியிருக்கிறது, ஒரே கை, எல்லா பில்லும் இருக்கிறது. இன்னொன்று டெல்லிப் பதிவு, 58,000தான் ஓடியிருக்கிறது, இரண்டரை லட்சம் குறைவு, பில் பாதிதான் இருக்கிறது. இரண்டும் அதே 2014. டெல்லி வண்டி பளபளவென்று இருக்கிறது. மனசு அங்கேதான் போகிறது. இந்த இன்ஜின் எப்படி? பராமரிப்பு நம்மால் தாங்குமா?

#2 ஆம்பூர் டீசல்

58,000 ஓடிய வண்டி கிடைத்தால் விடாதீர்கள். டெல்லியில் 10 வருடம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015லேயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் நல்ல வண்டியைக் கூட அங்கே விற்றுத்தான் ஆக வேண்டிய நிலை பல வருடம் இருந்தது. விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டிப் பதிவு மாற்ற வேண்டும், அந்தச் செலவை மட்டும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லட்சத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட வாய்ப்பு உண்டு.

#3 ராணிப்பேட்டை ஸ்பேனர்

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். டீசல் இன்ஜின் வேலையில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சொந்தமாக வைத்திருப்பது 2012 சி 220 சி.டி.ஐ. இன்றைக்கு 2,31,000 கிலோமீட்டர். நீங்கள் பார்க்கும் வண்டியில் இருக்கும் அதே ஓ.எம். 651 குடும்பத்து இன்ஜின்தான் இதிலும்.

முதலில் இன்ஜினைப் பற்றி. 2008 கடைசியில் வந்தது. 4 சிலிண்டர், 2143 சி.சி., போர் (சிலிண்டர் விட்டம்) 83 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 99 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் இவ்வளவு நீளம் என்பதால் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுவை கிடைக்கும். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில், அழுத்தம் 2000 பார் வரை போகும். ஈ 250ல் இருப்பது 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் வகை. அதில் சின்ன டர்போ ஒன்று, பெரிய டர்போ ஒன்று என்று இரண்டு உண்டு. கீழ் வேகத்தில் சின்னது முதலில் சுழன்று கொடுக்கும், வேகம் ஏற ஏறப் பெரியது கைக்கு வாங்கிக்கொள்ளும். 1600 ஆர்.பி.எம்.மிலேயே முழு இழுவையும் (டார்க்) வந்துவிடும். பள்ளிகொண்டா தாண்டி லாரியை ஓவர்டேக் செய்யும்போது இதன் அருமை தெரியும். கியர் கூட இறங்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போகும். கீழே லான்செஸ்டர் பேலன்சர் தண்டுகள் இருப்பதால் 4 சிலிண்டர் டீசலுக்கு உரிய அதிர்வு உள்ளே அவ்வளவாக வராது. உங்கள் அப்பா முதுகுக்கு நிம்மதி கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது டைமிங் செயின். இதில் அது முன்பக்கம் கிடையாது. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. பேலன்சரும் டீசல் பம்பும் பற்சக்கரத்தில் ஓட, கேம் ஷாஃப்டுக்கு மட்டும் குட்டையான செயின். நல்ல அமைப்புதான். ஆனால் செயினை வழிநடத்தும் கைடு, இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எல்லாம் சேர்த்து முழுதாக மாற்ற வேண்டும் என்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். கூலியே பெரிய தொகை ஆகிவிடும். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. டீசல் புகைக்கரி கலந்து கெட்டுப்போன ஆயில் செயினின் பின்களை மெல்லத் தேய்க்கும். ஒவ்வொரு இணைப்பிலும் மயிரிழை தேய்ந்தால் போதும், மொத்தமாகப் பார்த்தால் செயின் நீண்டிருக்கும்.

கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டருக்கு அல்லது ஒரு வருடத்துக்கு ஒருமுறை ஆயில். நான் 7,500க்கு ஒருமுறை மாற்றுகிறேன். 229.51 அல்லது 229.52 என்ற மெர்சிடிஸ் தர எண்ணை டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஆயில் மட்டும்தான். ஆறரை லிட்டர் பிடிக்கும். இத்தனை வருடத்தில் செயினில் கை வைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு என் பதில்: எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். எத்தனை தடவை ஆயில் மாறியது, எப்படி ஓடியது என்பதை முதலில் பாருங்கள்.

#4 கோட்டை அகழி

ஐயா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஒன்றுதான் புரியவில்லை. குறைவாக ஓடிய வண்டியில் தேய்மானமும் குறைவாகத்தானே இருக்கும்?

#5 ராணிப்பேட்டை ஸ்பேனர்

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பெங்களூருக்கு 210 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் இரண்டு தடவை போய் வர 840. வருடத்துக்கு 10,000 சொச்சம். அதற்கு இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆவது 48 தடவை. கடைக்குப் போய் வருவது மாதம் 26 நாள், வருடத்துக்கு 3,100 கிலோமீட்டர். அதற்கு ஸ்டார்ட் 624 தடவை. எது இன்ஜினைத் தின்னும் என்று இப்போது பாருங்கள்.

5 கிலோமீட்டரில் கூலண்ட் முள் நடுவில் வந்து நிற்கலாம். ஆறரை லிட்டர் ஆயில் சூடேற அதைவிட நேரம் பிடிக்கும். ஆயில் சூடேறாவிட்டால் அதில் சேர்ந்த ஈரமும் டீசலும் ஆவியாகிப் போகாது, அங்கேயே தங்கும். மெதுவாக ஓடும்போது ஈ.ஜி.ஆர். வால்வு வழியாகத் திரும்ப வரும் புகை, இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஆயில் ஆவியோடு சேர்ந்து தார் மாதிரி படியும். கழற்றிப் பார்த்தால் இரண்டு விரல் போகிற ஓட்டையில் ஒரு விரல்தான் போகும்.

டெல்லி வண்டி 10 வருடத்தில் 58,000 என்றால் நாளுக்கு 16 கிலோமீட்டர். அது எப்படிப்பட்ட ஓட்டமாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆம்பூர் நண்பர் சொன்ன காரணமும் நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. அங்கே நல்ல வண்டி நிச்சயம் இருக்கிறது. பில் இல்லாததுதான் என்னை உறுத்துகிறது.

#6 ஏலகிரி வளைவு

பின்பக்கச் செயின் என்றதும் நினைவுக்கு வந்தது. பி.எம்.டபிள்யூ.வின் என் 47 டீசலிலும் செயின் பின்னால்தான். அந்த இன்ஜினில் செயின் தேய்மானம் உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம். அதற்கு அடுத்து 2014ல் பி 47 வந்தது. யாராவது அந்தப் பக்கம் மனம் மாறினால் இதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

#7 திருவலம் பாலம்

நான் கார்க்காரன் இல்லை, வேன்காரன். திருவண்ணாமலை, மேல்மருவத்தூர், திருப்பதி என்று பக்தர்களை ஏற்றிக்கொண்டு 25 வருடமாக ஓடுகிறேன். இருந்தாலும் இந்த இழையில் எனக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. பழைய டெம்போ டிராவலரில் இருந்ததும் மெர்சிடிஸ் வழி வந்த இன்ஜின்தான், ஓ.எம். 616. மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது. சேம்பரில் எந்த ஆயில் ஊற்றினாலும் ஓடும். ஏர் லாக் ஆனால் ரோட்டோரத்தில் நானே பம்ப் அடித்து எடுத்துவிடுவேன். அந்த இன்ஜின் எனக்குச் சோறு போட்டது. என் பிள்ளைகள் படித்தது அதன் உழைப்பில்.

அந்த நினைப்பில்தான் நம் பக்கம் பலரும் "பென்ஸ் இன்ஜின் எதையும் தாங்கும்" என்று சொல்கிறார்கள். 651 அப்படி இல்லை. டீசலைத் தெளிக்கும் அதன் நாசில் துளையும் ரெயில் அழுத்தமும் வேறு உலகம். டீசலில் துளி தண்ணீர் கலந்தாலும் தாங்காது. எனவே கூட்டம் அதிகம் இருக்கும், சரக்கு சீக்கிரம் தீர்ந்து புதிதாக இறங்கும் பங்க்காகப் பார்த்து அங்கேயே எப்போதும் போடுங்கள். டீசல் ஃபில்டரை ஒரு சர்வீஸ் முன்னதாகவே மாற்றுங்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

#8 ஆம்பூர் டீசல்

ஸ்பேனர் ஐயாவின் 624 கணக்கைப் பார்த்ததும் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். என்னுடையது எம்.எல். 350 சி.டி.ஐ., ஓ.எம். 642, வி 6, 2987 சி.சி. வாரத்துக்கு இரண்டு தடவை சென்னை போய் வருவேன், நெடுஞ்சாலை ஓட்டம்தான். 1,90,000 தாண்டியும் புல்லிங் குறையவில்லை. முன்பு அதே சாலையில் என்னோடு ஓடியவர், தொழிலை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குள் மட்டும் ஓட்ட ஆரம்பித்தார். இரண்டு வருடத்தில் வண்டி இழுக்கவில்லை என்று வந்து நின்றார். திறந்து பார்த்தால் ஐயா சொன்ன அதே தார்தான்.

642 பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே அடியில் உட்கார்ந்திருக்கும். அதன் ரப்பர் சீல் காய்ந்து ஆயில் கசிந்தால், சீல் விலை சில நூறுதான், அதை எட்டுவதற்கு மேலே இருப்பதை எல்லாம் கழற்ற வேண்டும். வண்டி வாங்கும் முன் அடியில் கியர்பாக்ஸ் சேருமிடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

#9 காட்பாடி 220

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். என்னுடையது பி.எஸ். 6 (புகை மாசு விதி) ஈ 220 டி. இன்ஜின் ஓ.எம். 654, 1950 சி.சி., பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், 194 குதிரைத்திறன். அமைதியான இன்ஜின், குறை சொல்ல ஒன்றும் இல்லை. தவறு செய்தது நான்தான். காட்பாடியிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை வரை தினமும் போய் வந்தேன். பாலத்தில் ஏறி இறங்கவே அரை மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. பி.எஸ். 6 வண்டியில் டி.பி.எஃப். என்று புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. நிறைந்ததும் உள்ளே சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றி அந்தக் கரியை எரித்துவிடும். அதற்குத் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். அது எரிக்க ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் நான் வீட்டு வாசலில் ஆஃப் செய்துவிட்டேன். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் எரியாமல் ஆயிலில் இறங்கி, ஆயில் அளவு ஏறியது. எச்சரிக்கை விளக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆட்ப்ளூ விஷயமும் சொல்லிவிடுகிறேன். அது புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறைய வாங்கி மாடியில் ஷீட் போட்ட அறையில் வைத்திருந்தேன். 25 டிகிரியில் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம்ம ஊர் மே மாதத்தில் அந்த அறை எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இப்போது தேவைக்கு ஒரு கேன் வாங்கிக் கீழ்த்தளத்தில் வைக்கிறேன்.

அகழி சார், நீங்கள் பார்க்கும் ஈ 250 பி.எஸ். 4 வண்டி. ஆட்ப்ளூ தொல்லை அதில் இல்லை. ஆனாலும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசலே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் ஈ கிளாஸ் பாருங்கள்.

#10 கோட்டை அகழி

பெட்ரோல் பற்றி யோசித்தேன். மாதம் 840 கிலோமீட்டர் நெடுஞ்சாலை இருக்கிறதே என்றுதான் டீசல் பக்கம் வந்தேன். கடைக்கு ஸ்கூட்டரிலேயே போய்விட்டால்? வீட்டில் ஒன்று சும்மா நிற்கிறது.

#11 ராணிப்பேட்டை ஸ்பேனர்

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடைக்கு ஸ்கூட்டர், அப்பாவுக்கு கார். பெங்களூர் போகாத வாரங்களில் ஞாயிறு காலை வாலாஜா வரை ஒரு ஓட்டம் விட்டுத் திரும்பினால் போதும். அப்படி வைத்துக்கொண்டால் இந்த டீசல் உங்களுக்குப் பொருந்தும். காட்பாடி தம்பி சொன்னது கடைக்குக் காரில் போகும் கணக்குக்கு நூற்றுக்கு நூறு சரி.

இன்ஜெக்டர் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள், அதையும் முடித்துவிடுகிறேன். 651ன் முதல் சில வருடங்களில், 204 குதிரைத்திறன் வகையில், டெல்ஃபை கம்பெனியின் பியசோ வகை இன்ஜெக்டர்கள் (டீசலைத் தெளிப்பவை) நிறைய பழுதாகின. பிறகு சோலனாய்டு வகைக்கு மாற்றினார்கள். 2014 வண்டிக்கு அந்தக் கதை பொருந்தாது. பார்க்க வேண்டியது இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷரை. அது விட்டால் ஸ்டார்ட்டில் "ச்சுக் ச்சுக்" என்று காற்று கசியும் சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகக் கட்டிபோல் உறைந்திருக்கும். மேல் மூடியைத் தூக்கினாலே தெரியும்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். பிறகு பானட்டைத் திறந்து வைத்து, பின்பக்கம், கண்ணாடி ஓரமாகக் காதை வைத்துக்கொண்டு வேறு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று இரும்பு உரசும் சத்தம் வந்து நின்றால் செயின் பக்கம் சந்தேகம். தொடர்ந்து வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அப்புறம் 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். டெம்பரேச்சர் 80ஐத் தொடாமல் 60, 65லேயே தங்கினால் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சின்னச் செலவுதான், ஆனால் அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜின் வருடக்கணக்காகச் சூடேறாமலே ஓடியிருக்கும். வாட்டர் பம்பைச் சுற்றி உலர்ந்த கூலண்ட் கறை இருக்கிறதா பாருங்கள். கடைசியாக ஸ்கேனர் போட்டு நான்கு சிலிண்டரின் (டீசல் அளவைச் சரிக்கட்டும்) இன்ஜெக்டர் கரெக்‌ஷன் அளவையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

#12 கோட்டை அகழி

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்.

டெல்லி வண்டி இப்போது சென்னையில் ஒரு புரோக்கரிடம் இருக்கிறது. காலை 7 மணிக்கு வருகிறேன், ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று இரண்டு தடவை போனில் சொன்னேன். போய் பானட்டில் கை வைத்தால் சுடுகிறது. "இடம் மாத்தி நிறுத்தினோம் சார்" என்றார்கள். ஐயா சொன்னது காதில் ஒலித்தது. நாளை வருகிறேன் என்று சொல்லி மாமா வீட்டில் தங்கி, மறுநாள் 6 மணிக்கே சொல்லாமல் போய் நின்றேன். இன்ஜின் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கத்திலிருந்து மூன்று விநாடி கடகடவென்று சத்தம். திரும்ப ஸ்டார்ட் செய்தபோது வரவில்லை. பில்களைப் பார்த்தேன். 2017க்கும் 2020க்கும் நடுவில் ஆயில் மாற்றியதற்கு ஒரு தாள் கூட இல்லை.

சென்னைப் பதிவு வண்டிக்காரர் ஓய்வு பெற்ற டாக்டர். வாரா வாரம் சொந்த ஊருக்குப் போய் வந்த வண்டியாம். மொத்தம் 13 ஆயில் பில். ஸ்டார்ட்டில் சத்தம் இல்லை. ஓட்டிய பத்தாவது நிமிடத்தில் 85க்கு வந்து அங்கேயே நின்றது. வாட்டர் பம்ப் பக்கம் லேசாக வெள்ளைக் கறை இருக்கிறது. இன்ஜெக்டர் நான்கும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கின்றன, படம் இணைத்திருக்கிறேன். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும்.

#13 ராணிப்பேட்டை ஸ்பேனர்

படம் பார்த்தேன். டாக்டர் வண்டியை எடுங்கள். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் பெல்ட்டும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், தனித்தனியாகச் செய்தால் கூலி இரண்டு தடவை. அந்தச் செலவைச் சொல்லி விலையில் கேளுங்கள், தருவார். டயருக்கும் கேளுங்கள்.

#14 திருவலம் பாலம்

13 பில் வைத்திருந்த மனிதரிடம் ரொம்ப இழுத்துப் பேரம் பேச வேண்டாம் என்பது என் எண்ணம். வண்டியை அப்படிக் காப்பாற்றித் தந்ததற்கும் ஒரு விலை உண்டு.

#15 கோட்டை அகழி

எடுத்துவிட்டேன். டயர் விலையை மட்டும் அவரே குறைத்துக்கொண்டார், மேலே நான் கேட்கவில்லை. பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட் வேலை முடிந்தது. பழைய ஆயிலையும் வடித்து 229.51 ஊற்றியாயிற்று. 1,12,640ல் மாற்றியது என்று எழுதி பானட் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அடுத்தது 1,20,000.

நேற்று அப்பாவோடு பெங்களூர். ஆம்பூர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தியபோதுதான் கண் விழித்தார். இன்று காலை கடைக்கு ஸ்கூட்டரில் வந்தேன்.